கம்பை மூலையில் வைத்த பிறகு...



போன இதழில் புளியைக் கெடாமல் சேமித்து வைக்கும் பக்குவம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். புளியைப் பற்றி இரண்டே வரிதான். மிச்சம் முழுவதும் அவருடைய பத்து வயது மகளைப் பற்றி! "பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது அக்கா. பெண்ணைக் கராத்தேயோ சிலம்பமோ படிக்க அனுப்பலாமா? அனுப்பினால் நிஜமாகவே பிரயோஜனம் உண்டா? இல்லை, மாதாமாதம் பணம் கட்டுவதுதான் மிச்சமா?" என்று கேட்டிருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் அது நேர்மையாக இருக்காது. ஏனென்றால், இதே கேள்வியை நானே ஆத்திரத்தோடு ஒருவரிடம் கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் வெட்கமான கதைதான். ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எங்கள் வீடு தென்காசிப் பக்கம். என் சின்னவளை ஒன்பது வயதில் சிலம்பத்துக்கு அனுப்பினோம். ஊருக்கு வெளியே குளத்தங்கரையை ஒட்டி ஒரு மண் தரை. அதுதான் களம். செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம். ஆசானுக்கு அறுபது வயதுக்கு மேல். குரல் மட்டும் கோயில் மணி மாதிரி!

முதல் நாளே கம்பைக் கையில் கொடுத்து, "சுத்து" என்று சொல்வார் என்று நினைத்துக்கொண்டு போனோம். அதுதான் இல்லை! மாதக் கணக்கில் வெறும் காலடிதான். முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி, பக்கத்தில் ஒரு அடி, சுழன்று ஒரு அடி. "என்னங்க இது, காசைக் கொடுத்துப் பிள்ளையை நடக்கவா பழக்குகிறோம்?" என்று என் வீட்டுக்காரரிடம் நான் முணுமுணுத்தது உண்டு. அப்புறம்தான் கம்பு வந்தது. நேராக நிறுத்தினால் அவளுடைய நெற்றி உயரம் இருக்கிற மூங்கில் கம்பு. மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவள் அதைச் சுழற்றினால், காற்றை வெட்டுகிற சத்தம் 'விர் விர்' என்று கேட்கும். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

மூன்று வருஷத்தில் சர்டிபிகேட், மெடல், கப் எல்லாம் வந்து எங்கள் ஷோகேஸ் நிறைந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பத்தையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள் அல்லவா? அதிலிருந்து எங்கள் தெருவிலேயே நாலு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும், "கொஞ்சம் சுத்திக் காட்டுட்டி" என்று வாசலில் நிறுத்திச் சுற்றச் சொல்வேன். என் பெண்ணுக்கு இனி பயமே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி போன ஆடி மாதம் போயிற்று.

டியூஷன் முடிந்து சின்னவளும் அவளுடைய சிநேகிதியும் நடந்து வருகிறார்கள். இன்னும் வெளிச்சம் போகவில்லை. டூவீலரில் வந்த ஒருத்தன் நிறுத்தி, ஏதோ தெருவுக்கு வழி கேட்டிருக்கிறான். இவள் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். 'காதில் விழவில்லை, கிட்டே வா' என்று கூப்பிட்டிருக்கிறான். இவளும் கிட்டே போயிருக்கிறாள். டக்கென்று மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

மூன்று வருஷம் கம்பு சுற்றிய என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். சத்தம்கூட வரவில்லை. ஒரு கலையும் தெரியாத அந்தச் சிநேகிதிப் பெண்தான், "அண்ணாச்சி! அண்ணாச்சி! இங்க வாங்க!" என்று எதிரே இருந்த பெட்டிக்கடையைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். கடைக்காரர் எழுந்து வரவும் அவன் கையை விட்டுவிட்டு வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். கடவுள் புண்ணியம்.

வீட்டுக்கு வந்தவளுக்குப் பேச்சே வரவில்லை. விஷயத்தைச் சிநேகிதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் அவளைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் என் வாயில் என்ன வந்தது என்றால், "மூணு வருஷம் கம்பு சுத்துனியே, எதுக்குட்டி? இப்பிடி மரம் மாதிரி நிக்கவா?"

அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவள் அழவில்லை. பேசாமல் எழுந்து போய்க் கம்பைக் கதவு மூலையில் சாத்திவிட்டுப் படுத்துவிட்டாள். ஒரு வாரம் களத்துக்குப் போகவே இல்லை.

ஆசானிடம் சண்டை போடலாம் என்றே நான் கிளம்பினேன். "ஆசானே, நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் ஆட்டத்துக்குத்தான் ஆகும் போல. ஆத்திர அவசரத்துக்கு ஒண்ணும் உதவலையே" என்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒரு பழமொழியையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. திண்ணையில் உட்காரச் சொன்னார். மோர் வரவழைத்துக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்:

"தாயி, பாப்பா வீட்ல சத்தமாச் சிரிச்சா என்ன சொல்லுதீக?"

"மெதுவாச் சிரின்னு சொல்லுவேன்."

"பெரியவங்களை நேருக்கு நேரா பாத்துப் பேசுனா?"

"என்ன முறைக்கன்னு கேப்பேன்."

"ஒரு சொந்தக்காரர் வந்து கன்னத்தைக் கிள்ளுதாரு, பாப்பாவுக்குப் பிடிக்கலை, விலகுது. அப்போ?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான்.

"வாரத்துக்கு நூத்தி அறுபத்தெட்டு மணி நேரம் தாயி. அதுல நாலு மணி நேரம் எங்கிட்ட இருக்கு. பள்ளிக்கூடம், தூக்கம் போக மிச்சம் பூரா உங்ககிட்டதான். நான் நாலு மணி நேரம் 'சத்தமாச் சொல்லு, கண்ணைப் பாரு, தூரத்தை விடாத'ன்னு பழக்குதேன். நீங்க மிச்ச நேரம் பூரா 'சத்தம் போடாத, கண்ணைத் தாத்து, கிட்டப் போ'ன்னு பழக்குதீக. எதுல பிள்ளை கெட்டிக்காரியா ஆகும்?"

சகோதரிகளே, எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆசான் இன்னொன்றும் சொன்னார். திடீரென்று பயம் வந்தால் உடம்பு உறைந்துபோவது யாருக்கும் நடப்பது. பெரிய ஆண்களுக்கும் நடக்கும். அது கோழைத்தனம் இல்லை. அதில் பிள்ளையின் குற்றம் துளியும் இல்லை. அந்த உறைநிலையிலிருந்து சீக்கிரம் விடுபட ஒரு வழி, அடிக்கடி பழகிய ஒரு காரியம் கைக்கும் வாய்க்கும் தானாக வருவதுதான். அது களத்தில் மட்டும் பழகினால் களத்தில்தான் வரும். பள்ளிக்கூட யூனிபார்மில், தோளில் பையோடு, அந்தி நேரத்தில், தெருவில் வராது. அங்கேயும் பழக வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு நாள் முழுக்க என் வாயை நானே கவனித்தேன். 'சத்தம் போடாதே' என்பதையும் அதன் அண்ணன் தம்பி வார்த்தைகளையும் இரவு படுக்கப் போவதற்குள் பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். பதினோரு தடவை! மகனிடம் ஒரு தடவைகூட இல்லை. நீங்களும் ஒரு நாள் எண்ணிப் பாருங்களேன்.

இரவு சின்னவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டு, "அம்மா அன்னைக்குச் சொன்னது தப்பும்மா. உன்மேல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். அப்போதுதான் அவள் அழுதாள். மறுநாள் கம்பை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். கூடவே நானும் போனேன். வீட்டில் என்ன பழக்க வேண்டும் என்று ஆசானிடமே கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அதைத்தான் கீழே தருகிறேன்.

தூரம்

சிலம்பத்தில் முதல் பாடம் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பது. ஒரு கம்பு நீளத்துக்குள் வர விட்டால் ஆபத்து. கையில் கம்பு இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு மனதில் இருக்க வேண்டும். தெரியாதவர் வழி கேட்டால் நின்ற இடத்திலிருந்தே பதில் சொல்லலாம். காதில் விழாவிட்டால் குரலைத்தான் உயர்த்த வேண்டும். காலை முன்னே வைக்கக் கூடாது. அவர் கிட்டே வந்தால் நாம் ஒரு அடி விலக வேண்டும், அதுவும் நேர் பின்னால் இல்லை, பக்கவாட்டில். நேர் பின்னால் போனால் சுவரிலோ சாக்கடையிலோ மாட்டிக்கொள்வோம். மாதக் கணக்கில் காலடி போடச் சொன்னது இதற்குத்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது!

இதை வீட்டில் ஒரு விளையாட்டாகவே பழகலாம். பால்காரராக, போஸ்ட்மேனாக, வழி கேட்கிறவராக அண்ணன் நடிப்பான். இவள் பேசிக்கொண்டே தூரத்தைக் காப்பாற்ற வேண்டும். அடுப்பில் சோறு வேகிற நேரம் போதும்.

குரல்

வெறுமனே 'ஆ' என்று கத்துவதைவிட, ஆளைக் குறிப்பிட்டுக் கூப்பிடுவது பலன் தரும். "பச்சைச் சேலை அக்கா, உதவி பண்ணுங்க! இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது!" இப்படிச் சொன்னால், பார்க்கிறவர்கள் குடும்பச் சண்டை என்று ஒதுங்கிப் போக மாட்டார்கள். இதை மொட்டை மாடியில் நின்று வயிற்றிலிருந்து சத்தம் வரும்படி சொல்லிப் பழக வேண்டும்.

நாங்கள் முதல் நாள் பழகியபோது எதிர்வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்கள்! விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அப்போ என் பேத்தியையும் கூட்டிட்டு வாரேன்" என்றார்கள். இப்போது ஞாயிறு சாயங்காலம் எங்கள் மாடியில் ஐந்து பெண் பிள்ளைகள் கத்துகிறார்கள். என் மாமியார் முதலில் காதைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு வாரம் கழித்து, "ஏட்டி, அந்தக் கடைசிப் பிள்ளைக்குச் சத்தம் பத்தலை. நல்லாக் கத்தச் சொல்லு" என்கிறார்கள்!

கண்

களத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு கம்பு சுற்ற முடியாது. தெருவிலும் அப்படித்தான். நிமிர்ந்து நடப்பது திமிர் இல்லை. பஸ் ஸ்டாப்பில் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட, சுற்றிலும் யார் யார் நிற்கிறார்கள், திறந்திருக்கிற கடை எது, விளக்கு எங்கே எரிகிறது என்று ஒரு பார்வை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ராத்திரி சாப்பிடும்போது, "இன்னைக்கு வர்ற வழியில என்னென்ன கடை திறந்திருந்துச்சு?" என்று கேட்பேன். முதலில் இரண்டு சொன்னவள், இப்போது வரிசையாக ஒப்பிக்கிறாள்.

கை

மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. பிடித்தவன் கையில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம். அந்தப் பூட்டில் கட்டை விரல் பக்கம்தான் பலம் குறைவு. அந்த இடுக்கு வழியாகக் கையைச் சட்டென்று திருப்பி இழுக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே முயற்சி செய்யாதீர்கள். பிள்ளையின் கை சுளுக்கிக்கொள்ளும். ஆசானோ மாஸ்டரோ நேரில் சொல்லிக்கொடுத்த பிறகு, வீட்டில் அண்ணனோ அம்மாவோ பிடிக்க, தினம் ஒரு தடவை மெதுவாகப் பழகினால் போதும்.

கை விடுபட்டதும் என்ன செய்ய வேண்டும்? திருப்பி அடிக்க நிற்கக் கூடாது. ஓட வேண்டும்! ஆட்கள் இருக்கிற பக்கமாக ஓட வேண்டும். "தெருவில ஜெயிக்கதுன்னா, பத்திரமா வீடு வந்து சேருகதுதான்" என்பார் ஆசான். வீரம் காட்ட வேண்டும் என்று சினிமாவைப் பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

மூச்சு

பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது, மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக வெளியே விட வேண்டும். படபடப்பு குறையும், குரலும் வரும். பரீட்சைக்கு முன்னாலும், ஊசி போடும்போதும், இருட்டில் மின்சாரம் போனாலும் இதைப் பழகலாம். எனக்கே இப்போது பல் டாக்டர் நாற்காலியில் இது கைகொடுக்கிறது!

இதெல்லாம் எங்கள் ஆசான் மட்டும் சொல்வது என்று நினைக்காதீர்கள். கராத்தேயை ஓகினாவாத் தீவிலிருந்து 1922-ல் டோக்கியோவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் கிச்சின் ஃபுனகோஷி என்ற பள்ளிக்கூட வாத்தியார். 1868-ல் பிறந்தவர். அவர் தம் மாணவர்களுக்கு இருபது நெறிகள் வகுத்து வைத்தார். மரியாதைக்குத்தான் அதில் முதலிடம். பயிற்சிக்கூடத்தோடு கலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் அந்த இருபதில் ஒன்றாக வைத்திருக்கிறார். எங்கோ கடல் கடந்து ஒரு வாத்தியார் சொன்னதும், குளத்தங்கரையில் எங்கள் ஆசான் சொன்னதும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள்!

பக்கத்துக் கேரளத்தில் வடகரையில் மீனாட்சி அம்மா இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழு வயதில் களரிக்குப் போகத் தொடங்கியவர். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாளும் கம்பும் எடுத்து நிற்பார். எழுபது வயதைத் தாண்டி, 2017-ல் பத்மஸ்ரீ விருது வாங்கினார். கலியாணம், பிள்ளைகள், வீடு என்று எல்லாவற்றோடும் சேர்த்தே அந்தக் கலையையும் வைத்துக்கொண்டவர். 'எனக்கு வயசாகிவிட்டது' என்று நான் சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

நமக்கும் இருக்கிறது

ஆமாம், இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. நான் இன்னும் கம்பு சுற்றவில்லை. (சுற்றினால் டியூப் லைட் போய்விடும்!) ஆனால் காலடி பழகுகிறேன். காலைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நிற்பது ஒரு நிலை. அடுப்பு முன்னால் அப்படி நின்று பார்த்தேன். ஒரே காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை ஒடித்து நின்று சமைத்தபோது வந்த முதுகு வலி எனக்குக் குறைந்திருக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு அணைத்துத் தூக்குகிறேன். ஈரமான துவைக்கிற கல் பக்கம் போகும்போது அடியைச் சிறிதாக, முழுப் பாதமும் பதிய வைக்கிறேன். இவ்வளவுதான். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

சில எச்சரிக்கைகள்: முழங்கால் வலி, ரத்தக் கொதிப்பு, தலைச்சுற்றல் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியையும் ஆரம்பிக்கக் கூடாது. பிள்ளைகள் கம்பு சுற்றுகிற இடத்தில் மின்விசிறி, கண்ணாடி, கைக்குழந்தை இருக்கக் கூடாது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே பழக வேண்டாம். இரண்டு மணி நேரமாவது போகட்டும். முடிந்ததும் எலுமிச்சை ரசத்தில் உப்புப் போட்டுத் தண்ணீர் கலந்து கொடுத்தால் களைப்புப் போகும். கம்பில் சிலாம்பு கிளம்பியிருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பாருங்கள்.

ஓங்கிய கை

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான பாடம்.

கம்பு பிடித்த கை கோபத்தில் ஓங்கக் கூடாது என்பது ஆசானின் சட்டம். அண்ணனோடு சண்டை வந்து இவள் கம்பைத் தூக்கினால், ஒரு மாதம் கம்பைத் தொட முடியாது. நல்ல சட்டம்தான் என்று நானும் தலையாட்டினேன். ஒரு நாள் சின்னவள் பாலைப் பொங்க விட்டுவிட்டாள். நான் கையில் இருந்த கரண்டியை ஓங்கினேன். பழக்கதோஷம். அவள் பக்கவாட்டில் ஒரு அடி வைத்து விலகி, என் கண்ணைப் பார்த்து, "அம்மா, களத்துச் சட்டம் உனக்கு இல்லையா?" என்று கேட்டாள்.

கோபம் சுருக்கென்று வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: தூரம், கண், குரல், மூன்றையும் சரியாகச் செய்திருக்கிறாள்! நான் பழக்கியதுதானே? வெளியே ஒருத்தன் கை ஓங்கினால் எதிர்க்க வேண்டும், வீட்டில் அம்மா ஓங்கினால் தலை குனிய வேண்டும் என்றால் அந்தப் பிள்ளையின் உடம்பு எதைக் கற்றுக்கொள்ளும்? கரண்டியைக் கீழே வைத்தேன். மூச்சை நீளமாக விட்டேன். இருவருமாகச் சேர்ந்து அடுப்பைத் துடைத்தோம். அன்றிலிருந்து கை ஓங்குவது இல்லை. நாக்கு இன்னும் சில நேரம் ஓங்குகிறது, அதையும் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகைக்கு ஊரிலிருந்து சொந்தங்கள் வந்திருந்தார்கள். என் பெரியப்பா மகன் அண்ணனும் வந்திருந்தார். ஆசான் கேட்ட அந்தக் கன்னத்தைக் கிள்ளுகிற சொந்தக்காரர், அவரேதான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சின்னவளுக்கு அது பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே விலகுவாள். நான்தான் ஒவ்வொரு தடவையும், "மாமாதானே, போட்டி" என்று முதுகைப் பிடித்துத் தள்ளிவிடுவேன். 'உனக்குப் பிடிக்காவிட்டாலும் பெரியவர்கள் தொட்டால் பேசாமல் நில்' என்று இத்தனை வருஷமாகப் பழக்கியவள் நான்தான் சகோதரிகளே. ஆடி மாதம் தெருவில் அவள் உறைந்து நின்றதில் எனக்குப் பங்கே இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு வந்தார். சின்னவள் ஒரு அடி பக்கவாட்டில் வைத்தாள். சிரித்த முகத்தோடு கும்பிட்டு, "வாங்க மாமா. கன்னத்தைக் கிள்ளாதீங்க, எனக்குப் பிடிக்காது" என்றாள். கூடம் நிசப்தம் ஆகிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். என் காது மடல் சுடுகிறது. அண்ணன் முகம் சுருங்கி, "என்னம்மா, பிள்ளையை இப்பிடி வளத்து வச்சிருக்க?" என்றார்.

களத்தில் மூன்று வருஷம் பழகியது அவள். அன்றைக்குக் கூடத்தில் பரீட்சை எனக்கு. மூச்சை மெதுவாக விட்டேன். "ஆமாண்ணே, அவளுக்குப் பிடிக்காது. நான்தான் இத்தனை நாள் கேக்காம இருந்துட்டேன். நீங்க உக்காருங்க, காபி கொண்டாரேன்" என்றேன். கொஞ்ச நேரம் உம்மென்று இருந்தார். அப்புறம் காபி குடித்தார், பொரி உருண்டை சாப்பிட்டார், போகும்போது தூரத்தில் நின்றே அவளுக்குக் கையைக் காட்டினார். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: அவசியம் அனுப்புங்கள். சிலம்பமோ, கராத்தேயோ, களரியோ, பக்கத்தில் நல்ல ஆசான் யார் இருக்கிறாரோ அவரிடம் அனுப்புங்கள். முதல் சில நாள் கூடவே போய் உட்கார்ந்து, எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார், பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். பணம் வீணாகாது. ஆனால் பணம் கட்டிவிட்டதோடு நம் வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே நாலு மணி நேரம் கற்றதை இங்கே நாம் அழிக்காமல் இருந்தாலே பாதி ஜெயித்த மாதிரி.

அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால், 'நீ ஏன் கத்தலை, ஏன் ஓடலை' என்று பிள்ளையைக் கேட்கவே கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பட்டது போதும். முதலில் அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு உதவியைக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. இந்த மூன்று எண்களையும் காலண்டர் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக் கம்பு அதே கதவு மூலையில்தான் சாத்தி இருக்கிறது. சின்னவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். கொல்லையில் நின்று காலடி போட்டுக்கொண்டே துணி காயப்போட வேண்டும். வரட்டுமா?

அடுத்த இதழில் வற்றல், வடகம் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் 'சத்தம் போடாதே' எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தவர்கள் எனக்கு எழுதுங்கள். என் பதினொன்றை யார் மிஞ்சுகிறீர்கள் என்று பார்க்கலாம்!